இறந்தவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எதற்காக எழுதுகிறார்கள்?

கேள்வி: அப்பா இறந்து ஏழு மாதம் ஆகிறது. மரணத்தையும் இழப்பையும் பற்றிய புத்தகங்களைப் படிக்க வேண்டும் போலிருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. இன்னொரு சந்தேகமும் உண்டு. அத்தனை துக்கத்தில் ஒருவரால் எப்படி உட்கார்ந்து எழுத முடிகிறது? அவர்களை எழுத வைப்பது எது?

பதில்:

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்குப் பதில் கிடைத்தால் முதலாவது தானாகவே பாதி தீர்ந்துவிடும்.

நான் கிளை நூலகங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வாசகர் ஒருவர் இறந்துபோனால் அநேகமாகப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு வீட்டிலிருந்து யாராவது வருவார்கள். கையில் நூலகப் புத்தகம் இருக்கும். "தாமதக் கட்டணம் எவ்வளவு?" என்பதுதான் முதல் கேள்வி. நான் வாங்குவதில்லை, அது வேறு விஷயம். ஒரு முறை அப்படி வந்த பையன் புத்தகத்தை நீட்டும்போது உள்ளேயிருந்து ஒரு பஸ் டிக்கெட் நழுவி விழுந்தது. அவன் குனிந்து எடுத்தான். அது எந்தப் பக்கத்தில் இருந்தது என்று தேடினான். அகப்படவில்லை. புரட்டிப் புரட்டிப் பார்த்தான். பின்னால் வரிசையில் இரண்டு பேர் நின்றார்கள். கடைசியில், "சார், இதை என் பேரில் போட்டுக் கொடுங்கள்" என்று தன் உறுப்பினர் அட்டையை எடுத்து வைத்தான்.

நீங்கள் கேட்கும் புத்தகங்களை எழுதியவர்களில் பெரும்பாலோர் அந்தப் பையனின் நிலையில் இருந்தவர்கள்தான். பாதியில் நின்றுபோன ஒன்று அவர்கள் கையில் இருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. எழுத்து ஆறுதல் தரும், பாரத்தை இறக்கிவைக்கும் என்றெல்லாம் சொல்கிறார்களே, அதற்காக எழுதியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஜோன் டிடியனை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க எழுத்தாளர். 2003 டிசம்பர் 30 இரவு, நியூயார்க் வீட்டில் சாப்பாட்டு மேசையில் பேசிக்கொண்டிருந்த அவர் கணவர் ஜான் கிரெகரி டன் பேச்சின் நடுவே சரிந்தார். மாரடைப்பு. கிட்டத்தட்ட நாற்பது ஆண்டு மணவாழ்க்கை. அப்போது அவர்களுடைய ஒரே மகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவின்றிக் கிடந்தாள். அவளைப் பார்த்துவிட்டுத்தான் இருவரும் வீடு திரும்பியிருந்தார்கள். மருத்துவமனையில் டிடியன் அழவில்லை, கூச்சல் போடவில்லை. இவர் நிதானமானவர், தாங்கிக்கொள்வார் என்று அங்கிருந்த சமூகப் பணியாளரே மருத்துவரிடம் சொன்னார். பிரேதப் பரிசோதனைக்கும் சம்மதித்தார். ஏன் சம்மதித்தேன் என்று பிறகு யோசித்துப் பார்த்தபோதுதான் அவருக்கே தெரிந்தது: கோளாறு என்னவென்று கண்டுபிடித்துவிட்டால் சரிசெய்துவிடலாம் என்று உள்ளே ஒரு கணக்கு ஓடியிருக்கிறது. கணவரின் துணிகளை எடுத்துக் கொடுக்கத் தொடங்கியவர் காலணிகளுக்கு வந்ததும் நின்றுவிட்டார். திரும்பி வந்தால் போட்டுக்கொள்ளக் காலணி வேண்டுமே!

இதைத்தான் அவர் புத்தகமாக்கினார். 'தி இயர் ஆஃப் மேஜிக்கல் திங்கிங்', 2005. 2004 அக்டோபரில் தொடங்கி அந்த ஆண்டின் கடைசி நாளில் முடித்தார், மூன்று மாதத்துக்குள். அவரை எழுத வைத்தது அன்பு என்று சொன்னால் பொய்யில்லை, ஆனால் போதாது. புத்தி தெளிவாக இருக்கிறது என்று ஊரே நம்பிய ஒரு பெண்ணின் புத்தி உள்ளுக்குள் என்ன செய்துகொண்டிருந்தது என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. பத்திரிகைக்காரராகவே வாழ்ந்தவர், தன்னையே ஒரு செய்தியாக எடுத்து விசாரித்தார். மருத்துவக் குறிப்புகள், அன்றிரவு வாசல் காவலர்கள் எழுதிவைத்த பதிவேடு, ஆம்புலன்ஸ் வந்து போன நிமிடக் கணக்கு எல்லாம் அந்தப் புத்தகத்தில் வருகின்றன. புத்தகம் வெளிவருவதற்குச் சில வாரங்கள் முன்பு மகளும் இறந்தாள். புத்தகத்தில் அவர் ஒரு வரியும் மாற்றவில்லை. மகளுக்கென்று 'புளூ நைட்ஸ்' ஆறு ஆண்டு கழித்துத்தான் வந்தது.

அந்தக் காலணிப் பகுதியை நான் முதலில் படித்தபோது, எழுத்தாளர்களுக்கே உரிய மிகை என்று நினைத்தேன். பிறகு என் மனைவி இறந்தாள். குடும்ப அட்டையிலிருந்து பெயரை நீக்க இறப்புச் சான்றிதழின் நகலோடு விண்ணப்பிக்க வேண்டும். பெரிய வேலை ஒன்றும் இல்லை, தெரு முனை கணினி மையத்திலேயே முடித்துவிடலாம். பதினான்கு மாதம் செய்யவில்லை. சர்க்கரை அளவு கூடுதலாகக் கிடைக்கிறதே என்பதற்காகவா? வீட்டில் சர்க்கரை சாப்பிட ஆளே இல்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். எதுவென்று நான் கேட்கப் போவதில்லை.

டிடியனுக்கு நாற்பது ஆண்டுக்கு முன்பே இப்படித் தன்னைத்தானே கவனித்து எழுதியவர் சி. எஸ். லூயிஸ். ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் ஆசிரியர், கிறிஸ்தவ மதத்துக்காக வாதாடுவதில் பேர்போனவர். துன்பத்தைக் கடவுள் ஏன் அனுமதிக்கிறார் என்று 1940இல் ஒரு புத்தகமே எழுதி விளக்கியிருந்தார். பிரம்மச்சாரியாகவே இருந்துவிடுவார் என்று எல்லோரும் நினைத்திருக்க, அறுபதை நெருங்கும் வயதில் ஜாய் டேவிட்மன் என்ற அமெரிக்கப் பெண்ணை மணந்தார். புற்றுநோயோடு மருத்துவமனையில் படுத்திருந்த அவருக்குப் படுக்கை அருகிலேயே மதமுறைப்படி திருமணச் சடங்கு நடந்தது. 1960 ஜூலையில் ஜாய் இறந்தார். லூயிஸ் வீட்டில் கிடந்த வெற்று நோட்டுப் புத்தகங்களை எடுத்துக் கிறுக்க ஆரம்பித்தார். துக்கம் இவ்வளவு அச்சம்போல இருக்கும் என்று யாரும் தனக்குச் சொல்லவில்லையே என்பதுதான் தொடக்கம். எல்லாம் நன்றாக இருந்த நாளில் திறந்தே இருந்த கடவுளின் கதவு, தேவைப்பட்ட நாளில் முகத்தில் அறைந்து சாத்தப்பட்டது, உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தமும் கேட்டது என்று எழுதுகிறார். இருபது ஆண்டுக்கு முன் துன்பத்துக்கு விளக்கம் சொன்ன அதே மனிதர்!

அவருக்கு இருந்த பெரிய பயம் வேறு. ஜாயின் முகம் மனத்தில் தெளிவாக எழவில்லை. இரவெல்லாம் பெய்யும் பொடிப்பனி மாதிரி, தன்னுடைய எண்ணங்கள் மெல்ல மெல்ல அவள்மேல் படிந்து, உண்மையான அவளை மூடிவிடும். கடைசியில் தான் நேசிப்பது தானே செய்த பொம்மையாகிவிடும் என்று பயந்தார். உயிரோடிருந்தவள் எதிர்த்துப் பேசுவாள், திருத்துவாள். நினைவு அப்படிச் செய்யாது. இந்த ஒரு பத்திக்காகவே அந்தப் புத்தகத்தை வைத்திருக்கலாம். நான்காவது நோட்டு தீர்ந்ததும் நிறுத்திவிடுவது, இதற்கென்று புதிதாக நோட்டு வாங்குவதில்லை என்று முடிவு செய்தார். என்ன கட்டுப்பாடு பாருங்கள். 1961இல் 'எ கிரீஃப் அப்சர்வ்ட்' என்ற பெயரில், என். டபிள்யூ. கிளர்க் என்ற புனைபெயரோடு வந்தது. லூயிஸ்தான் எழுதினார் என்று அறியாத நண்பர்கள், துக்கத்துக்கு நல்லது என்று அந்தப் புத்தகத்தை அவருக்கே பரிந்துரைத்ததாகச் சொல்வார்கள்.

இங்கே ஒரு இடைச்செருகல். துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் உண்டு. மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று வரிசையாக வரும் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். எலிசபெத் கியூப்ளர் ராஸ் 1969இல் எழுதியது அது. அவர் பேசியது சாகப்போகும் நோயாளிகளோடு. தங்கள் மரணத்தை அவர்கள் எப்படி எதிர்கொள்கிறார்கள் என்பதைத்தான் முதலில் எழுதினார். பின்னால் அதைத் தூக்கி, இழந்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களின் தலையில் கட்டினார்கள். ஏழு மாதம் ஆகியும் மூன்றாம் கட்டத்தைத் தாண்டவில்லையே என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். நான் சொல்லும் புத்தகங்களில் ஒருவர்கூட அந்த வரிசையில் நடக்கவில்லை.

பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த் நடக்கவே இல்லை, அதே இடத்தில் உட்கார்ந்துவிட்டார். 1977 அக்டோபர் 25இல் அவர் தாய் இறந்தார். மறுநாளே தட்டச்சுத் தாளை நான்காக வெட்டி, துண்டுத் தாள்களில் எழுதத் தொடங்கினார். ஒரு தாளில் இரண்டு வரி, மூன்று வரி. கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு எழுதினார். அச்சிடவேண்டும் என்று எழுதியதில்லை, 2009இல்தான் புத்தகமானது. அதே சமயம் அம்மாவின் பழைய புகைப்படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தவருக்கு ஒரு படம் அகப்பட்டது: ஐந்து வயதுச் சிறுமியாக, அண்ணனோடு, ஒரு கண்ணாடித் தோட்ட அறையில் அவள் நிற்கிறாள். தான் ஒருபோதும் கண்டிராத வயதில் இருந்த அந்தச் சிறுமியிடம் அம்மா முழுசாக இருக்கிறாள் என்று பட்டது. அந்த ஒரு படத்திலிருந்து புகைப்படக் கலையைப் பற்றிய ஒரு புத்தகமே பிறந்தது, 'கேமரா லூசிடா'. அதில் எத்தனையோ படங்கள் அச்சாகியிருக்கின்றன. அந்தப் படம் மட்டும் இல்லை. உங்களுக்கு அது இன்னொரு பழைய படமாகத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டார். சரியாகத்தான் செய்தார்.

இவர்கள் தங்களையே பார்த்து எழுதியவர்கள். இன்னொரு வகையினர் இறந்தவரைப் பார்த்து, அல்லது அவர் விட்டுப்போன ஏதோ ஒன்றைப் பார்த்துப் பேசுகிறவர்கள். நமக்கு இது புதிதில்லை. ஒப்பாரியில் யாரும் "அவர் நல்லவர்" என்று அழுவதில்லை. "போனீரே, என்னை விட்டு" என்று எதிரில் வைத்துத்தான் கேட்கிறார்கள். புறநானூற்றில் கபிலர் செய்வதும் அதுதான். மூவேந்தரும் முற்றுகையிட்டுப் பாரியைக் கொன்ற பிறகு, அவன் பெண்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு, மணமுடித்துக் கொடுக்க இடம் தேடிப் புறப்படுகிறார். பறம்பு மலை பின்னால் மறைகிறது. 113ஆம் பாட்டு அந்த மலையிடமே பேசுகிறது: முன்பெல்லாம் கள் ஜாடியின் வாய் திறந்தபடியே இருக்கும், சோறும் கறியும் கேட்டபடி கிடைக்கும், எங்களோடு நட்பாக இருந்தாய், இப்போது பாரி மாய்ந்தான், கையற்று, கண்ணீர் வழிய, உன்னைத் தொழுதுவிட்டுப் போகிறோம், வாழி பறம்பே. அந்தக் 'கையற்று' என்ற சொல்தான் இலக்கணத்தில் 'கையறுநிலை' என்ற துறையின் பெயராக நிற்கிறது. செய்வதற்கு ஒன்றுமில்லாமல் கை ஓய்ந்து நிற்பது. இழப்பைப் பற்றிய இலக்கியத்துக்கு உலகத்தில் இதைவிடச் சரியான பெயர் இருந்தால் சொல்லுங்கள்.

அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய 235ஆம் பாட்டையும் பாருங்கள். கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்குக் கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் உண்டு மகிழ்வான். ஒவ்வொரு நினைவும் 'மன்னே' என்று முடிகிறது. 'மன்' என்ற இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியம் சொல்லும் மூன்று பொருளில் ஒன்று 'கழிவு': அது போய்விட்டது, இனி இல்லை. கள், சோறு, தலையைத் தடவிக்கொடுத்த கை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றின் மேலும் அந்தச் சின்னச் சொல்லை வைத்துக்கொண்டே போகிறார். டிடியனின் காலணிக்குத் தமிழில் ஓர் இடைச்சொல்லே இருந்திருக்கிறது.

இசபெல் அயெந்தே இந்த வகை. சிலி நாட்டு எழுத்தாளர். நாடு திரும்ப முடியாமல் கராகஸில் இருந்தபோது, நூறு வயதை நெருங்கிய தாத்தா சாகக் கிடக்கிறார் என்று செய்தி வந்தது. 1981 ஜனவரி 8 அன்று அவருக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தார். கடிதம் நிற்கவில்லை, அதுதான் அவருடைய முதல் நாவல். சரியாகப் பதினோரு ஆண்டு கழித்து மாட்ரிட் மருத்துவமனையில் மகள் பவுலா, போர்ஃபிரியா என்ற நோயால், கோமாவில் கிடந்தாள். கண் விழிக்கும்போது எதுவும் நினைவில்லாமல் அவள் தடுமாறக் கூடாது என்பதற்காக, "கேள் பவுலா, உனக்கு ஒரு கதை சொல்கிறேன்" என்று தொடங்கிக் குடும்பக் கதையை எழுதினார். மகள் விழிக்கவேயில்லை, 1992 டிசம்பரில் இறந்தாள். படித்துக்கொண்டே போகையில் ஓர் இடத்தில், தாய் இனி மகளிடம் பேசவில்லை என்று நமக்குப் புரிகிறது. அவருக்குப் புரிந்ததும் அதே பக்கங்களில்தான். யாருக்காக எழுதத் தொடங்கினாரோ அவர் படிக்கப்போவதில்லை என்று தெரிந்த பிறகும் எழுதுகிறார். 'பவுலா' 1994இல் வந்தது.

பால் கலாநிதியின் விஷயத்தில் திசை மாறுகிறது: போகிறவர் இருக்கப்போகிறவரிடம் பேசுகிறார். பெயரைப் பார்த்தாலே தெரியும், தமிழ் வேர்கள் கொண்டவர். ஸ்டான்ஃபோர்டில் நரம்பியல் அறுவை சிகிச்சை பயின்றவர், அதற்கு முன்பு ஆங்கில இலக்கியம் படித்தவர். இருபது ஆண்டு மருத்துவம், பிறகு இருபது ஆண்டு எழுத்து என்று திட்டம் வைத்திருந்தார். 36 வயதில் நுரையீரல் புற்றுநோய் வந்து இரண்டாவது இருபதை முன்னால் இழுத்துவிட்டது. மருந்தின் விளைவாக விரல் நுனிகள் வெடித்துப் புண்ணானபோது, விசைப்பலகை தட்டுவதற்கென்று வெள்ளியிழை உள்ள கையுறைகளைத் தேடி வாங்கினார்கள் என்று மனைவி லூசி பின்னுரையில் எழுதுகிறார். 2015 மார்ச்சில் இறந்தபோது குழந்தைக்கு எட்டு மாதம். அவர் எழுதிய பகுதியின் கடைசிப் பத்தி அந்தக் குழந்தைக்கு. 'வென் பிரெத் பிகம்ஸ் ஏர்' என்ற அந்தப் புத்தகம் முடிக்கப்படவில்லை, முடிக்காமலேதான் அச்சாகியிருக்கிறது. நடுவில் சில இடங்கள் எனக்குக் கொஞ்சம் மெருகு கூடிப்போனதாகத் தோன்றும். கையுறையை நினைத்துக்கொண்டு விட்டுவிடுவேன்.

குற்றவுணர்வால் எழுதியவர்களும் உண்டு. சிமோன் த போவுவார் 1964இல் தன் தாயின் மரணத்தை எழுதினார். விழுந்து தொடை எலும்பு முறிந்ததற்காகச் சேர்த்தார்கள், சோதித்தால் புற்றுநோய். அம்மாவிடம் சொல்லவில்லை. வயிற்றில் அழற்சி, சரிசெய்தாயிற்று என்று பொய் சொல்லி, கடைசிவரை அந்தப் பொய்யைக் காவல் காத்தார்கள். 'மிக எளிதான மரணம்' என்ற தலைப்பு, செவிலி ஒருவர் ஆறுதலாகச் சொன்ன சொல். நம் வீடுகளில் இந்தப் பொய் இன்றும் தினப்படி நடக்கிறது. "அவரிடம் சொல்லிவிடாதீர்கள்" என்று வராந்தாவில் கிசுகிசுக்காத குடும்பம் எது?

சொனாலி தெரணியகலவின் 'வேவ்' பற்றிச் சொல்லத் தயங்குகிறேன். இலங்கைக்காரர், பொருளாதார அறிஞர். 2004 டிசம்பர் 26 சுனாமியில் யால கடற்கரையில் கணவர், இரண்டு மகன்கள், பெற்றோர் என ஐந்து பேரையும் இழந்தார். பல மாதம் கழித்து அந்த இடத்துக்குப் போய்த் தேடியபோது, கணவர் எழுதிய ஆய்வறிக்கையின் உறைத் தாள் ஒன்று அகப்படுகிறது. ஞானமும் தத்துவமும் கிடையாது; கோபம் உண்டு, அசிங்கமான நடத்தை உண்டு, அதையெல்லாம் மறைக்காமல் எழுதியிருக்கிறார். நேர்மையில் இந்த வரிசையிலேயே முதலிடம் அதற்குத்தான். ஆனால் இப்போது உங்களுக்கு வேண்டாம்.

கதைகளில் இரண்டு போதும். டால்ஸ்டாயின் 'இவான் இலியிச்சின் மரணம்' துலா நகர நீதிமன்றத்தில் இருந்த, அதே முதற்பெயர் கொண்ட ஓர் அதிகாரியின் சாவைக் கேள்விப்பட்டதில் முளைத்தது. டால்ஸ்டாய் தன் அண்ணன் நிக்கொலாய் காசநோயில் சாவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். 'அன்னா கரீனினா'வில் தலைப்பு உள்ள ஒரே அத்தியாயம் 'மரணம்'தான். இவான் இலியிச்சின் கதையிலோ முதல் அத்தியாயத்திலேயே துக்கம் விசாரிக்க வந்தவர் உட்காரும் இருக்கையின் சுருள்கம்பி எகிறி எகிறி அவரைத் தள்ளுகிறது. சாவு வீட்டில் சிரிப்பு வருவதைத் தெரிந்தவர். இன்னொன்று புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்'. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை. பல காலம் நோயாளியாக இருந்த மனைவிக்கு மூச்சு ஒடுங்கிய கணத்தில் கதை தொடங்குகிறது. அவர் அழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அழாமல் இருப்பதை இவ்வளவு நெருங்கிப் பார்த்த கதை தமிழில் வேறு எனக்குத் தெரியாது.

இப்போது முதல் கேள்வி. ஏழு மாதத்தில் முழுப் புத்தகம் படிக்க முடியாது, கண் வரியில் இருக்கும், மனம் வேறெங்கோ போய்விடும். ஆகவே புறநானூற்றில் 256ஆம் பாட்டிலிருந்து தொடங்குங்கள். ஏழே அடி. எழுதியவர் பெயர் தெரியவில்லை. கணவனை இழந்த ஒருத்தி குயவனிடம் போகிறாள். வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்டே வரும் சின்ன வெள்ளைப் பல்லி மாதிரி அவனோடு எத்தனையோ காட்டு வழி வந்தவள் நான். அவனை வைக்கும் தாழியை எனக்கும் இடம் இருக்கும்படி அகலமாக வனைந்து கொடு என்கிறாள். அவ்வளவுதான், ஒரு பானைக்கான ஆர்டர். அடுத்து 'செல்லம்மாள்', அரை மணி நேரத்தில் முடியும். பிறகு லூயிஸ், சின்னப் புத்தகம், கடவுள் பேச்சு பிடிக்காவிட்டால் தாண்டிப் படிக்கலாம். டிடியனை முதலாண்டுத் திதிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். 'வேவ்' அதற்கும் பிறகு.

மாவட்ட மைய நூலகத்தில் உ. வே. சாமிநாதையர் பதிப்பு இருக்கும். உரையோடு கேளுங்கள். பழைய பிரதியாக இருந்தால் உள்ளே யாராவது வைத்துவிட்டுப் போன டிக்கெட்டோ துண்டுச் சீட்டோ இருக்கலாம். இருந்தால் அதே பக்கத்திலேயே விட்டுவிடுங்கள்.